முழங்காலிட்ட பாதிரியார், விரல் நீட்டிய போப்: ஏரி நடுவே சொலென்டினாமே தீவு சொல்லும் கதை!

மொபைலில் மேப்பைத் திறந்து 'நிகரகுவா' என்று தேடிப் பாருங்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், வடக்கே ஹோண்டுராஸ், தெற்கே கோஸ்டாரிகா என இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நாடு. அதன் தென்பகுதியில் கடல் மாதிரி ஒரு நீலப் பரப்பு தெரியும். அது ஏரி. 'கோசிபோல்கா' என்பது அதன் பழைய பெயர். பரப்பளவு 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் சென்னை மாநகராட்சியைப் போல ஏறத்தாழ 19 மடங்கு!

ஏரியின் தென்கிழக்கு மூலையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால், பச்சைப் புள்ளிகளாகச் சில தீவுகள் தெரியும். மொத்தம் 36. அவைதான் சொலென்டினாமே தீவுகள்.

அங்கே மங்கரோன் என்ற தீவில் ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. கோபுரம் கிடையாது, பளிங்கும் கிடையாது. ஆனால், கத்தோலிக்கமும் சோஷலிசமும் ஒன்றுசேர முடியுமா என்ற கேள்வியை உலகம் விவாதித்த காலத்தில், இந்தத் தேவாலயத்தின் பெயர் வாடிகன் வரை பேசப்பட்டது. இங்கே பூசை வைத்த பாதிரியாரை ஒரு போப் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். 36 ஆண்டுகள் கழித்து இன்னொரு போப் அவர் மீதான தடையை நீக்கினார். அவர் இறந்தபோது, ஒரு காலத்தில் அவர் அமைச்சராக இருந்த கட்சியின் ஆட்களே தேவாலயத்துக்குள் புகுந்து 'துரோகி' என்று கத்தினார்கள்.

படகில்தான் போக வேண்டும்

நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்தால் சான் கார்லோஸ் என்ற ஊர் வரும். ஏரித் தண்ணீர் சான் ஹுவான் நதியாகப் பிரிந்து கரீபியன் கடலை நோக்கி ஓடத் தொடங்கும் இடம் இது. கடலில் வாழும் ஒருவகைச் சுறா மீன்கள் இந்த நதி வழியாக எதிர்நீச்சல் போட்டு ஏரிக்கே வந்துவிடும் என்பது ஆச்சர்யமான உண்மை.

சான் கார்லோஸ் படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குப் பயணிகள் படகு உண்டு. தினமும் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான். வாழைத்தார், அரிசி மூட்டை, கோழி, மனிதர்கள் என எல்லாமே ஒரே படகில் போகும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தீவுகளில் கார் ஓடும் சாலைகள் இல்லை. மீன்பிடித்தலும் சிறு விவசாயமும்தான் பல தலைமுறைகளாகப் பிழைப்பு. பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை.

1966-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், இதே ஏரியைக் கடந்து ஒரு பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். வயது 41. பெயர் எர்னஸ்டோ கார்தெனால். 'கார்தெனால்' என்றால் ஸ்பானிஷ் மொழியில் 'கர்தினால்' என்று அர்த்தம். ஆனால், கடைசிவரை அவர் சாதாரணப் பாதிரியாராகவே இருந்தார்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

கார்தெனால் ஏழை வீட்டில் பிறந்தவர் அல்ல. இதே ஏரியின் வடமேற்குக் கரையில் இருக்கும் கிரனாடா நகரில், 1925-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தார். மெக்சிகோவிலும் நியூயார்க்கிலும் படித்தார். இளம் வயதிலேயே கவிஞராகப் பெயர் வாங்கிவிட்டார்.

அப்போது நிகரகுவாவைச் சொமோசா குடும்பம் ஆண்டுகொண்டிருந்தது. அப்பா, அவருக்குப் பிறகு மூத்த மகன், அதன் பிறகு இளைய மகன் என நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நாடே அந்தக் குடும்பத்தின் பிடியில் இருந்தது. 'தேசிய காவல்படை' என்ற பெயரில் இருந்த ராணுவமும் அவர்கள் கையில்தான். 1954-ல் சொமோசாவை வீழ்த்த நடந்த ஒரு முயற்சியில் கார்தெனாலும் இருந்தார். அது தோற்றுப்போனது. அவருடைய நண்பர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. துறவியாக முடிவுசெய்து, 1957-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கும் கெத்செமனி மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் தாமஸ் மெர்ட்டன். உலகப் புகழ்பெற்ற துறவி, எழுத்தாளர், அகிம்சையை வலியுறுத்தியவர். லத்தீன் அமெரிக்காவில் ஏழைகளோடு வாழும் ஒரு சிறிய துறவற சமூகத்தைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இவர்கள் இருவரின் பேச்சிலும்தான் வளர்ந்தது.

இந்த மெர்ட்டனுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968 நவம்பர் கடைசியில் அவர் சென்னைக்கு வந்தார். பரங்கிமலைக்கும் மாமல்லபுரத்துக்கும் போனார். அங்கிருந்து இலங்கை சென்று பொலன்னறுவை புத்தர் சிலைகளைப் பார்த்தார். அடுத்த சில நாட்களில், டிசம்பர் 10 அன்று பாங்காக்கில் இறந்துபோனார். சொலென்டினாமேயில் தன் மாணவர் தொடங்கிய சமூகத்தைக் கடைசிவரை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

உடல்நலம் ஒத்துக்கொள்ளாததால் கார்தெனால் 1959-லேயே மடத்தைவிட்டு வெளியேறியிருந்தார். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் படிப்பைத் தொடர்ந்து, 1965-ல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தோழர்கள் இருவரோடு சொலென்டினாமேக்கு வந்துவிட்டார்.

பிரசங்கம் இல்லாத பூசை

தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாழடைந்து கிடந்த தேவாலயத்தைச் சீரமைத்து, கார்தெனால் பூசையைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றியிருக்கும் தீவுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகில் வருவார்கள்.

பூசையில் நற்செய்தி வாசித்து முடித்ததும் பாதிரியார் பிரசங்கம் செய்வதுதான் வழக்கம். இங்கே அது இல்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் பைபிள் பகுதியைச் சத்தமாக வாசிப்பார். பிறகு எல்லோரும் பேசலாம். மீனவர், விவசாயி, பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன் என யார் வேண்டுமானாலும், 'இது நமக்கு என்ன சொல்கிறது?' என்பதைச் சொல்லலாம். பாதிரியார் நடுநடுவே தெரிந்ததைச் சொல்வார். சில நேரம் கருத்து ஒத்துப்போகும், சில நேரம் வாக்குவாதம்கூட வரும். பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதை, குடிசையில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது மன்னன் கதையைக் கேட்டதும், அவர்களுக்குச் சொமோசாவின் ஞாபகம் வந்தது. இந்த உரையாடல்களைக் கார்தெனால் பதிவுசெய்து, 'சொலென்டினாமேயில் நற்செய்தி' என்ற பொருள்படும் தலைப்பில் 1970-களில் புத்தகமாக வெளியிட்டார். பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்ட அந்தப் புத்தகம் உலகெங்கும் பாதிரியார்களும் மாணவர்களும் தேடிப் படித்த ஒன்றாக மாறியது.

பேச்சோடு ஓவியமும் வந்தது. தீவுவாசி ஒருவர் காய்ந்த குடுக்கையின் மேல் செதுக்கியிருந்த சித்திரங்களைக் கார்தெனால் கவனித்தார். அவருக்கு வண்ணமும் தூரிகையும் வாங்கிக் கொடுத்தார். ரோஹர் பெரெஸ் தெ லா ரோச்சா என்ற இளம் ஓவியர் தீவுக்கு வந்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். சில ஆண்டுகளில் ஏர் பிடித்த கைகளும் வலை வீசிய கைகளும் படம் வரையத் தொடங்கின. ஒவ்வோர் இலையையும் தனித்தனியாகத் தீட்டும் அடர்த்தியான பச்சை, நீல ஏரி, சின்னச் சின்ன மனிதர்கள் என்று சொலென்டினாமே ஓவியங்களைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுவிடலாம். அந்தப் படங்களில் இயேசு நிகரகுவாக் குடிசையில் பிறக்கிறார். ஏரோதின் சிப்பாய்கள் தேசிய காவல்படையின் உடையில் வருகிறார்கள்.

பழைய பகை என்ன?

இதில் என்ன பிரச்னை என்று தோன்றலாம். அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1891-ல் போப் 13-ம் லியோ ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் கசக்கிப் பிழியப்படுவதை அதில் கண்டித்தார். நியாயமான கூலி வேண்டும், சங்கம் வைக்கத் தொழிலாளர்களுக்கு உரிமை உண்டு என்றார். அதே மடலில், தனிச்சொத்தை ஒழிக்க நினைக்கும் சோஷலிசம் சரியான மருந்து அல்ல என்றும் சொன்னார். 1931-ல் போப் 11-ம் பத்திநாதர் இன்னும் அழுத்தமாக, ஒருவர் நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோஷலிஸ்ட்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்றார். மறுபக்கம், கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாடுகளில் தேவாலயங்கள் மூடப்பட்டன, பாதிரியார்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 'மதம் மக்களை மயக்கும் அபின்' என்று மார்க்ஸ் சொன்னதை அந்த அரசுகள் அப்படியே கொள்கையாக எடுத்துக்கொண்டன.

லத்தீன் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஏழைகளும் கத்தோலிக்கர்கள், அவர்களைச் சுரண்டிய நிலச்சுவான்தார்களும் கத்தோலிக்கர்கள். திருச்சபை யார் பக்கம் என்ற கேள்வி வந்தே தீர வேண்டிய இடம் அது. 1968-ல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், ஏழ்மைக்குக் காரணமான அநீதியான அமைப்பை வெளிப்படையாகவே கண்டித்தார்கள். 1971-ல் பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியெரெஸ் எழுதிய புத்தகம் 'விடுதலை இறையியல்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. ஏழைகளின் விடுதலைக்காகப் போராடுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதிதான் என்பது அதன் சாரம்.

கார்தெனால் 1970-ல் கியூபாவுக்குப் போய் வந்தார். மருத்துவமும் கல்வியும் எல்லோருக்கும் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, இது தனக்கு இரண்டாவது மனமாற்றம் என்றார். தன்னைக் கிறிஸ்தவ மார்க்சியவாதி என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்.

1977 அக்டோபர் 13

1972 டிசம்பரில் மனாகுவாவைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உலக நாடுகள் அனுப்பிய நிவாரணத்தைச் சொமோசா கூட்டம் சுருட்டியது. அதன் பிறகு, அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவர்களும் ஆட்சிக்கு எதிராகத் திரும்பினார்கள். 1934-ல் கொல்லப்பட்ட போராளி சாண்டினோவின் பெயரால் இயங்கிய சாண்டினிஸ்டா கெரில்லா இயக்கம் வேகமாக வளர்ந்தது.

சொலென்டினாமேயில் பைபிள் பேசிய இளைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். 1977 அக்டோபர் 13 அதிகாலையில், சான் கார்லோஸில் இருந்த காவல்படை முகாமைத் தாக்கினார்கள். தாக்கியவர்களில் தீவின் பெண்களும் இருந்தார்கள். முகாமைத் தக்கவைக்க முடியவில்லை. எல்விஸ் சவர்ரியா, டொனால்ட் குவேரா என்ற இரண்டு தீவு இளைஞர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். மற்றவர்களில் பலர் எல்லை தாண்டி கோஸ்டாரிகாவுக்குத் தப்பினார்கள். பதிலுக்குச் சொமோசாவின் படை தீவுக்கு வந்து, அந்தச் சமூகம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டியெழுப்பியதை அழித்தது. வீடுகளும் நூலகமும் போயின. தேவாலயம் மட்டும் தப்பியது.

துப்பாக்கியை எடுத்தது சரியா? இந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. எழுப்பியவர் எதிர்முகாமைச் சேர்ந்தவர் அல்ல. வியட்நாம் போரை எதிர்த்துச் சிறை சென்ற அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் டேனியல் பெரிகன், 1978-ல் கார்தெனாலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எந்தக் கொள்கைக்காகவும் ஓர் உயிரை எடுப்பது நியாயமாகாது என்பது அவருடைய வாதம். மெர்ட்டனிடம் அகிம்சை பயின்ற கார்தெனாலோ, கொடுங்கோலன் முன் மக்களுக்கு வேறு வழி விடப்படவில்லை என்று நம்பினார். நல்ல மனிதர்கள் இருவர் ஒரே பைபிளைப் படித்து எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள்.

அமைச்சரவையில் பாதிரியார்கள்

1979 ஜூலை 19 அன்று சாண்டினிஸ்டாக்கள் மனாகுவாவைப் பிடித்தார்கள். சொமோசா அதற்கு முன்பே நாட்டைவிட்டு ஓடியிருந்தார். உலகம் இதுவரை பார்க்காத ஒரு காட்சி அதன் பிறகு நடந்தது. இடதுசாரிப் புரட்சி அரசில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பதவி ஏற்றார்கள். எர்னஸ்டோ கார்தெனால் கலாசார அமைச்சர். மிகேல் தெஸ்கோத்தோ வெளியுறவு அமைச்சர்.

எர்னஸ்டோவின் தம்பி ஃபெர்னாண்டோ கார்தெனாலும் இயேசு சபைப் பாதிரியார். 1980-ல் ஐந்து மாதங்கள் நடந்த எழுத்தறிவு இயக்கத்தை வழிநடத்தியவர் அவர்தான். பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல்லாயிரம் பேர் பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளோடு கிராமங்களுக்குப் போய், விவசாயி வீடுகளிலேயே தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறிவற்றவர்களின் விகிதம் 50 சதவிகிதத்திலிருந்து 13 சதவிகிதமாகக் குறைந்தது என்று அரசு அறிவித்தது. யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. 'கத்தோலிக்கமும் சோஷலிசமும் சேர்ந்தால் என்ன நடக்கும்?' என்று கேட்டவர்களுக்கு இதையே பதிலாகக் காட்டினார்கள் ஆதரவாளர்கள்.

ஆனால், நிகரகுவாவின் ஆயர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. சொமோசாவைத் துணிச்சலாக எதிர்த்த மனாகுவா பேராயர் ஒபாண்டோ இ பிராவோ, இப்போது சாண்டினிஸ்டாக்களையும் விமர்சிக்கத் தொடங்கினார். பாதிரியார் எல்லோருக்கும் பொதுவானவர், ஒரு கட்சியின் அமைச்சராகிவிட்டால் அந்தக் கட்சியை எதிர்ப்பவர் அவரிடம் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வருவார் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

மனாகுவா விமான நிலையத்தில்

1983 மார்ச் 4 அன்று போப் இரண்டாம் ஜான்பால் மனாகுவாவில் வந்திறங்கினார். வரிசையில் நின்ற அமைச்சர்களில் வெள்ளைத் தாடியும் வெள்ளைச் சட்டையுமாகக் கார்தெனாலும் நின்றார். போப் அருகில் வந்ததும், தலையிலிருந்த கறுப்புத் தொப்பியை எடுத்துவிட்டு, முழங்காலிட்டு, மோதிரத்தை முத்தமிடக் கையை நீட்டினார். போப் கையைக் கொடுக்கவில்லை. விரலை நீட்டி, திருச்சபையோடு உங்கள் நிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் கண்டித்தார். முழங்காலிட்டபடியே சிரித்த முகத்தோடு கார்தெனால் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

போப்பின் கோபத்துக்குப் பின்னால் அவருடைய சொந்த நாடு இருந்தது. போலந்தில் கம்யூனிஸ்ட் அரசு, நோவா ஹுட்டா என்ற தொழிலாளர் நகரத்தைத் தேவாலயமே இல்லாத முன்மாதிரி சோஷலிச நகரமாகக் கட்டியது. இளம் ஆயராக இருந்த ஜான்பால் அங்கே கொட்டும் பனியில், திறந்தவெளியில் கிறிஸ்துமஸ் பூசை வைத்தார். தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிக் கட்டிய தேவாலயத்தை 1977-ல் அவரே அர்ச்சித்தார். சோஷலிச அரசு என்றாலே தேவாலயத்தின் கதவைப் பூட்டும் அரசு என்பதைத்தான் அவர் வாழ்க்கை அவருக்குக் காட்டியிருந்தது. கார்தெனாலுக்கோ, கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்ட சர்வாதிகாரிதான் எதிரியாக இருந்தார். இருவர் பார்த்ததும் வேறு வேறு நாடுகள்.

அன்றைய திறந்தவெளிப் பூசையில் சாண்டினிஸ்டா ஆதரவாளர்கள் தொடர்ந்து கோஷம் போட, போப் மைக்கில் 'அமைதி' என்று அதட்ட வேண்டியிருந்தது. 1984-ல் வாடிகன் வெளியிட்ட ஆவணம், மார்க்சியக் கருத்துகளைச் சரியாக ஆராயாமல் எடுத்துக்கொள்வதாக விடுதலை இறையியலின் சில போக்குகளை எச்சரித்தது. பதவியை விட மறுத்த பாதிரியார்களுக்குப் பூசை வைக்கத் தடை வந்தது. ஃபெர்னாண்டோ இயேசு சபையிலிருந்தே நீக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவரால் திரும்பிச் சேர முடிந்தது.

கட்சியிலிருந்தும் வெளியே

அமெரிக்காவின் ஆதரவோடு 'கான்ட்ரா' என்ற ஆயுதக் குழுக்கள் நடத்திய போரில் நிகரகுவா நொறுங்கியது. கட்டாய ராணுவ சேவையால் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். 1990 தேர்தலில் சாண்டினிஸ்டாக்கள் தோற்றார்கள். போகிற போக்கில் கட்சித் தலைவர்கள் பலர் அரசின் வீடுகளையும் நிலங்களையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஏழைகளின் பெயரால் வந்த கட்சி இப்படி ஆனதையும், டேனியல் ஒர்டேகா கட்சியை முழுவதும் தன் கைக்குள் கொண்டுவந்ததையும் கண்டித்து, கார்தெனால் 1994-ல் விலகினார். தன் சோஷலிச நம்பிக்கையை அவர் விடவில்லை, கட்சியை மட்டும்தான் விட்டார்.

2007-ல் ஒர்டேகா மீண்டும் அதிபரானார். இந்த முறை அவருடைய ஆட்சியின் முழக்கமே 'கிறிஸ்தவம், சோஷலிசம், ஒருமைப்பாடு' என்பதுதான்! சொலென்டினாமே மக்கள் பேசிய இரண்டு சொற்களும் இப்போது விளம்பரப் பலகைகளில் ஏறிவிட்டன. முன்பு எதிரியாக இருந்த ஒபாண்டோவும் ஒர்டேகாவோடு சமரசமாகிவிட்டார். அந்த ஆட்சியை விமர்சித்த கார்தெனால்மீதோ வழக்குகள் பாய்ந்தன. 2017-ல், சொலென்டினாமே சொத்து தொடர்பான ஒரு வழக்கில் 8 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, 92 வயது மனிதருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

2018 ஏப்ரலில் மக்கள் போராட்டம் வெடித்தது. 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். காயம்பட்ட மாணவர்களுக்குத் தேவாலயங்கள் கதவைத் திறந்துவிட்டன. அதிலிருந்து ஒர்டேகா அரசின் கோபம் திருச்சபையின் பக்கம் திரும்பியது.

மருத்துவமனையில் ஒரு பூசை

2019 பிப்ரவரியில் கார்தெனால் மனாகுவா மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருந்தார். வயது 94. துணை ஆயர் சில்வியோ பாயேஸ் அவரைப் பார்க்க வந்தார். கட்டிலின் அருகே முழங்காலிட்டு, ஆசீர்வதிக்கும்படி கேட்டார். சில நாட்களில் போப் பிரான்சிஸ் தடையை முழுவதுமாக நீக்கிய செய்தி வந்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பூசை வைக்காமல் இருந்த பாதிரியார், மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே வாடிகன் தூதரோடு சேர்ந்து பூசை ஒப்புக்கொடுத்தார்.

2020 மார்ச் 1 அன்று அவர் இறந்தார். மனாகுவா பேராலயத்தில் நடந்த இறுதிப் பூசைக்குள் ஆளும்கட்சி ஆதரவாளர்கள் புகுந்து, 'துரோகி' என்று கூச்சலிட்டார்கள். உடலைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுபோகவே உறவினர்களும் நண்பர்களும் சிரமப்பட்டார்கள். மனாகுவாவின் திஸ்காப்பா குன்றின் மேல், நகரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவது போல, சாண்டினோவின் பெரிய கறுப்பு நிழலுருவம் நிற்கிறது. கட்சி கொண்டாடும் அந்தச் சின்னத்தை வடிவமைத்தவரும் இதே கார்தெனால்தான்.

அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் மோசம். 2022 ஜூலையில், அன்னை தெரசா தொடங்கிய சபையின் சகோதரிகள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆயர் ரோலாண்டோ ஆல்வாரெஸுக்கு 2023 பிப்ரவரியில் 26 ஆண்டுகள் சிறைத்தண்டனை. 2024 ஜனவரியில் அவர் வாடிகனுக்கு அனுப்பப்பட்டார். இயேசு சபையினர் நடத்திய பல்கலைக்கழகத்தை 2023 ஆகஸ்ட்டில் அரசு எடுத்துக்கொண்டது. கார்தெனால் பயந்து பார்த்த சர்வாதிகாரமும், இரண்டாம் ஜான்பால் பயந்து பார்த்த சோஷலிச அரசும் கடைசியில் ஒரே ஆளின் கையில் வந்து சேர்ந்துவிட்டன.

இன்று தீவில்...

கார்தெனாலின் அஸ்தி சொலென்டினாமேக்குப் படகில் கொண்டுவரப்பட்டு, அவர் பூசை வைத்த மண்ணிலேயே புதைக்கப்பட்டது. சான் கார்லோஸ் தாக்குதலுக்குப் பின் கொல்லப்பட்ட எல்விஸ், டொனால்ட் இருவரின் பெயர்களும் இரண்டு தீவுகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன.

தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்களில் மீன், பறவை, படகு, வீடு எனக் குழந்தைகள் வரைந்ததைப் போன்ற வண்ணச் சித்திரங்கள் இருக்கின்றன. தீவுக் குழந்தைகளின் படங்களை வைத்து வரையப்பட்டவை அவை. வெளியே வந்தால், வீட்டுத் திண்ணைகளில் பால்சா மரத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். பஞ்சு மாதிரி எடையில்லாத மரம். அப்பா மீன் வடிவம் செதுக்க, அம்மா தேய்த்து மெருகேற்ற, பிள்ளைகள் வண்ணம் பூசுவார்கள். கிளி, ஆமை, மீன் பொம்மைகளும் அந்த அடர்பச்சை ஓவியங்களும் மனாகுவா சந்தை வரை போகின்றன.

நிகரகுவா போகிறவர்கள் அங்கே அரசியல் பேசுவதைத் தவிர்ப்பது நல்லது. இன்றைய நிலைமை அப்படி. ஆனால், ஒரு பொம்மையை விலைபேசி வாங்கும்போது, அதை யார் செய்தது, எப்போது கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கலாம். பதில் பெரும்பாலும் 1966-ல் வந்த பாதிரியாரிடம்தான் போய் நிற்கும்.

2025 மே மாதம் பொறுப்பேற்ற புதிய போப், 14-ம் லியோ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். 1891-ல் தொழிலாளர்களுக்காகச் சுற்றுமடல் எழுதிய 13-ம் லியோவை மனதில் வைத்தே அந்தப் பெயரை எடுத்ததாகவும் சொன்னார். திருச்சபை யார் பக்கம் நிற்க வேண்டும் என்ற பழைய கேள்வி அங்கே மறக்கப்படவில்லை. அந்தக் கேள்விக்குச் சொலென்டினாமே மீனவர்கள் ஞாயிறுதோறும் தங்கள் மொழியில் பதில் சொன்னார்கள். அவர்களுடைய பதிலைக் கேட்க வாடிகனும் அவசரப்பட்டது இல்லை, கட்சியும் காது கொடுத்தது இல்லை. அந்தப் பதில்கள் புத்தகமாக இருக்கின்றன. அதைச் சொன்னவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தீவில் இருக்கிறார்கள். சான் கார்லோஸிலிருந்து படகு கிளம்பும் நாளை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!